காசிமேட்டிலிருந்து ஐ.ஐ.எம்.முக்கு: இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: வடசென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு காசிமேடு. பத்தாம் வகுப்பில் 86 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பில் 91, கல்லூரியில் இதுவரை 78. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. நாங்கள் எம்.பி.சி. வகுப்பு. எனக்கு ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. படிக்க ஆசை. ஒரு பயிற்சி மையத்தில் இரண்டு வருட வகுப்புக்கு 70,000 ரூபாய் கேட்கிறார்கள். கூடப் படிப்பவர்கள், “புரொஃபைல் இல்லாமல் எடுக்க மாட்டார்கள், சர்டிபிகேட் சேர்த்துக்கொள்” என்கிறார்கள். என்னிடம் எதுவும் இல்லை. அப்பா ஒரு லாஞ்சு முதலாளியிடம் கணக்கு எழுதுகிறார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அதனால் ராத்திரியில் நோட்டு எழுதிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். “நமக்கெல்லாம் எதுக்கும்மா இருபத்தஞ்சு லட்ச ரூபா படிப்பு?” என்கிறார் அப்பா. நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, காசிமேடு

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

“என்னிடம் எதுவும் இல்லை” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அப்பாவின் கணக்கு நோட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டைப் பற்றித்தான் உங்களிடம் நிறையப் பேச வேண்டும். அதற்கு முன் பணம் சம்பந்தப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்த 70,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள்.

ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வுக்கென்று தனியாகப் படிப்பது, ஒழுங்காக உட்கார்ந்தால், ஒரு வருட வேலை. தேர்வு வழக்கமாக நவம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம். ஆக உங்கள் முதல் வாய்ப்பு மூன்றாம் ஆண்டு நவம்பர். இப்போதே வாரத்தில் நான்கு நாள் மாலை வகுப்பு, ஞாயிறு முழுக்க வகுப்பு என்று போனால் முதலில் அடி வாங்குவது உங்கள் செமஸ்டர் மதிப்பெண். அதுதான் எனக்குக் கவலை. கேட் தேர்வை அடுத்த வருடமும் எழுதலாம். பி.காம். மதிப்பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. கடைசி வரை கூடவே வரும்.

ஐ.ஐ.எம்.கள் கேட் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நேர்காணலுக்குக் கூப்பிடுவதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். எதற்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு ஐ.ஐ.எம்.முக்கும் வேறுபடும். அகமதாபாத்தும் பெங்களூரும் பழைய மதிப்பெண்களை நன்றாகவே கணக்கில் எடுக்கும். பொறியியல் அல்லாத படிப்பு படித்தவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல் புள்ளி தருகிற ஐ.ஐ.எம்.கள் பல உண்டு. இந்த விதிகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் சேர்க்கைக் கொள்கை என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. யாரோ யூடியூபில் சொன்னதை நம்பாமல், உங்களுக்குப் பிடித்த நான்கு நிறுவனங்களின் கொள்கையை நீங்களே படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். உங்கள் 86, 91 இரண்டும் நல்ல எண்கள். 78ஐ 80க்கு மேல் கொண்டுபோவதுதான் இந்த வருடத்தின் முதல் வேலை. அரியர் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அடுத்து தேர்வைப் பற்றி. ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும், தரவு விளக்கமும் தர்க்கமும், கணிதம் என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பானால் ஒன்று கழிப்பார்கள். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்வியில் கழிப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியோ அதற்கும் குறைவாகவோ எடுத்தவர்களே 99 பெர்சன்டைல் வாங்கியிருக்கிறார்கள், அதாவது எழுதியவர்களில் 99 சதவீதம் பேரை முந்தியிருக்கிறார்கள். எல்லாக் கேள்வியையும் போடுகிற தேர்வு இல்லை இது. எதை விடுவது என்று தெரிந்தவர்களுக்கு ஏற்ற தேர்வு. அந்தப் பழக்கம் வகுப்பில் உட்கார்ந்து வராது, மாதிரித் தேர்வு எழுதி எழுதித்தான் வரும். கணிதத்துக்கு நம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகங்களை எடுத்து விகிதம், சதவீதம், இயற்கணிதம், வடிவியல் எல்லாவற்றையும் இந்த வருடமே ஒருமுறை முடித்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டு தேர்வுகள் முடிந்த கோடை விடுமுறையில் ஆன்லைன் மாதிரித் தேர்வுத் தொகுப்பு ஒன்று வாங்கலாம். சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். 2017 முதலான பழைய கேள்வித்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இதற்குப் பிறகும் ஏதாவது ஒரு பகுதி மட்டும் பிடிபடவில்லை என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் வகுப்புக்குப் போங்கள்.

ஆங்கிலம்தான் உங்களுக்கு உண்மையான வேலை. அதை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் கோடை விடுமுறையில் மொத்தமாகப் படித்துச் சேர்க்கக்கூடிய விஷயம் இல்லை அது. மொழிப் பகுதியின் 24 கேள்விகளில் 16 கேள்விகள் பத்திகளைப் படித்து விடை சொல்கிறவை. தத்துவம், மானுடவியல், அறிவியல் வரலாறு, பொருளாதாரம் என்று எதிலிருந்து வேண்டுமானாலும் பத்தி வரும். கடினமான சொற்களை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், எதை மறுக்கிறார், எந்த இடத்தில் தயங்குகிறார் என்று பிடிக்கத் தெரிய வேண்டும். தமிழில் கட்டுரை படிக்கும்போது நீங்கள் யோசிக்காமலே இதைத்தான் செய்கிறீர்கள். ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

தினமும் இந்து ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தில் ஒரு கட்டுரை. படித்து முடித்ததும் பேப்பரை மூடிவிட்டு, அதன் வாதத்தைத் தமிழில் மூன்று வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். புரிந்ததா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் எழுதினால் படித்த சொற்களையே திருப்பிப் போட்டு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியும். நான்கைந்து மாதம் கழித்து ஏயான் (Aeon) போன்ற ஆங்கில இணைய இதழ்களின் நீளக் கட்டுரைகளுக்குப் போகலாம், கேட் பத்திகளின் நடை அதற்கு நெருக்கமானது. வீட்டில் சத்தம் என்றால் மெட்ரோ இருக்கிறது: தண்டையார்பேட்டையில் ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம் பக்கம்தான். 1896இல் திறந்த நூலகம், இந்தியாவில் வெளியாகும் புத்தகங்கள் வந்து சேருகிற இடங்களில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்புக்குப் போக நினைத்த நேரத்தை அங்கே செலவழியுங்கள்.

சரி, இப்போது புரொஃபைல் விஷயம்.

நான் மனிதவளத் துறையில் இருக்கிறேன். எம்.பி.ஏ. நேர்காணலுக்குப் போகிற வடசென்னைப் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்துவது எனக்குப் பிடித்த வேலை. கோப்பு நிறைய சான்றிதழ்களோடு வருகிறார்கள். டிஜிட்டல் மார்க்கெட்டிங், லீடர்ஷிப், ஸ்டாக் மார்க்கெட், ஏதோ ஓர் அமைப்பில் ஒரு மாதத் தன்னார்வப் பணி. “டிஜிட்டல் மார்க்கெட்டிங் படித்திருக்கிறாய், எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை ஆன்லைனில் விளம்பரம் கொடுத்தால் எதற்குக் காசு கட்டுகிறது, பார்ப்பதற்கா, தொடுவதற்கா, வாங்குவதற்கா?” என்று கேட்டால் அமைதி. பிள்ளைகள் மேல் குறையே இல்லை. சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தார்கள். ஆனால் அந்தக் காகிதங்களுக்காக அவர்கள் கொடுத்த மாலை நேரங்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டுப் பழகியவர். மூன்றாவது கேள்வியில் அவருக்குத் தெரிந்துவிடும், இந்தப் பிள்ளைக்கு இது தெரியுமா, கேள்விப்பட்டது மட்டும்தானா என்று.

உங்களுக்கு ஒன்று தெரியும். பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற ஒரு தங்குகடல் லாஞ்சு கிளம்பும்போது எவ்வளவு டீசல், எத்தனை பார் ஐஸ், எத்தனை நாள் சாப்பாட்டுச் சாமான் ஏறியது, திரும்பி வந்து ஏலத்தில் எந்த மீன் என்ன விலைக்குப் போனது, கமிஷன் போக மிச்சம் என்ன, அதில் முதலாளிக்கு எவ்வளவு, ஆட்களுக்குப் பங்கு எவ்வளவு என்று உங்கள் கையாலேயே எழுதுகிறீர்கள். செலவுக் கணக்கியல் பாடத்தில் வரும் நிலையான செலவு, மாறும் செலவு, சமநிலைப் புள்ளி எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் டீசலும் இல்லை, ஐஸும் இல்லை, வரவும் இல்லை. ஆனால் கடன் தவணை நிற்காது, வலை சரிசெய்ய வேண்டும், லாஞ்சுக்கு மராமத்து, பெயிண்ட், அப்புறம் ஆட்கள் வேறு படகுக்குப் போய்விடாமல் இருக்க முன்பணம். இந்த இரண்டு மாதத்துக்கு முதலாளி எங்கிருந்து பணம் புரட்டுகிறார்? அன்றாடச் செலவை ஓட்டுவதற்கான பணம், நடைமுறை மூலதனம் என்று பாடத்தில் வருவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் ஆழமாகப் போட்டுக் காட்டுகிறேன். மீன்பிடித் துறைமுகங்களில் வழக்கமான ஏற்பாடு ஒன்று உண்டு: ஏல வியாபாரி லாஞ்சு முதலாளிக்கு முன்பணம் கொடுப்பார். வட்டி கிடையாது. ஆனால் மீன் முழுவதும் அவர் மூலமாகத்தான் ஏலம் போக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது, வட்டியில்லாக் கடன். எண்ணைப் போட்டுப் பார்ப்போம். இவை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். முன்பணம் 5 லட்சம். வருடத்துக்கு மீன் விற்பனை 60 லட்சம். முன்பணம் கொடுத்தவர் 5 சதவீதம் கமிஷன் எடுக்கிறார், ஆக 3 லட்சம். முன்பணம் வாங்காத படகுக்கு அதே ஏலக் களத்தில் 3 சதவீதம் என்றால் 1 லட்சத்து 80 ஆயிரம். வித்தியாசம் 1 லட்சத்து 20 ஆயிரம். 5 லட்சத்துக்கு வருடம் 1 லட்சத்து 20 ஆயிரம் என்றால் 24 சதவீதம் வட்டி! நோட்டில் எந்த வரியிலும் வட்டி என்ற சொல் இருக்காது.

இதோடு நிற்காதீர்கள். 24 சதவீதம் என்று தெரிந்தும் முதலாளி ஏன் வங்கிக்குப் போவதில்லை? வங்கி அடமானம் கேட்கும், தடைக்காலத்திலும் தவணை கேட்கும். வியாபாரியோ மீன் படாத மாதத்தில் பொறுத்துக்கொள்வார், ராத்திரி பத்து மணிக்கு என்ஜின் பழுது என்று போன் செய்தால் பணம் கொடுத்து அனுப்புவார். ஆக அந்த 24 சதவீதத்தில் ஒரு பகுதி வட்டி, ஒரு பகுதி காப்பீடு. எது எவ்வளவு? மீன் அதிகம் படுகிற வருடத்தில் வட்டி ஏறும், குறைவாகப் படுகிற வருடத்தில் இறங்கும். இப்படி வருமானத்தோடு ஏறி இறங்குகிற வட்டி, கடன் வாங்கியவருக்கு நல்லதா, கெட்டதா? உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். நான் சொன்னதில் எது தப்பு என்று அவர் சொல்வார், அதுதான் உங்களுக்கு வேண்டியது. மீனை எடுத்து விற்கிற பெண்களிடம் அவர்கள் கடன் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள், அது வேறு கதையாக இருக்கும்.

நேர்காணலில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் நீங்கள் இதை ஆரம்பித்தால், அதற்குப் பிறகு வருகிற பதினைந்து நிமிடமும் உங்களுக்குத் தெரிந்த இடத்தில்தான் நடக்கும்.

இதற்காக மூன்று வேலை செய்யுங்கள். கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்திலோ வேறு வகையிலோ எக்செல் பாடம் கிடைத்தால் அதை மட்டும் எடுங்கள், அந்த ஒரு திறன் உங்களுக்கு உடனே பயன்படும். முதலாளியிடம் அனுமதி கேட்டு, ஒரு வருடக் கணக்கை அதில் ஏற்றுங்கள். எந்தப் பயணம் நட்டம், ஏன் நட்டம் என்று தேடுங்கள். அந்த எண்கள் அவருடையவை என்பதை மறக்கக் கூடாது: வெளியே பேசும்போது படகின் பெயர், ஆள் பெயர், உண்மைத் தொகை எதுவும் வரக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், அப்பாவின் வேலையும் நாணயமும் அதில் இருக்கின்றன. அப்புறம், வாரம் ஒருமுறை இதில் ஏதாவது ஒன்றைப் போனில் பதிவு செய்து ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் விளக்குங்கள். உச்சரிப்பைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. காசிமேட்டைப் பார்க்காத ஒருவருக்குப் புரிகிற மாதிரி வரிசையாகச் சொல்ல வருகிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஐ.ஐ.எம். மட்டும்தான் என்று இருக்காதீர்கள். கேட் மதிப்பெண்ணை வைத்தே டெல்லி பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பிரிவான எஃப்.எம்.எஸ்., நம் ஊர் ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். எஃப்.எம்.எஸ்.ஸில் கட்டணம் ஐ.ஐ.எம்.களோடு ஒப்பிட்டால் மிக மிகக் குறைவு. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.க்கு ஜனவரியில் நடக்கும் ஜாட் தேர்வு. அண்ணா பல்கலைக்கழக எம்.பி.ஏ.வுக்கு டான்செட் நுழைவுத் தேர்வு. முதல் முறை கேட் சரியாக வரவில்லை என்றால், கிடைத்த வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து எழுதுங்கள். வேலை அனுபவத்துக்குப் பல இடங்களில் புள்ளி உண்டு, கையில் கொஞ்சம் பணமும் சேரும். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிப்பதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

இனி அப்பா கேட்டது. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடக் கட்டணம் 25 லட்சத்தை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கிறது. இந்த நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு வங்கிகள் அடமானம் கேட்காமல் கல்விக்கடன் தருகின்றன. படிப்பு முடியும் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஐ.ஐ.எம்.களே குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருவதும் உண்டு.

அப்படியும் கடன் கடன்தான். 25 லட்சத்துக்கு ஒன்பதரை சதவீத வட்டியில் பத்து வருடம் என்றால் மாதம் சுமார் 32,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும்போது ஏறிய வட்டி சேர்ந்தால் இன்னும் கூடும். இந்த எண்ணை மறைக்காமல் அப்பாவிடம் காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு நிறுவனமும் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையைப் பக்கத்தில் வையுங்கள். அதில் அதிகபட்சச் சம்பளத்தையும் சராசரியையும் விட்டுவிட்டு இடைநிலைச் சம்பளத்தைப் பாருங்கள், அதாவது பாதிப்பேர் அதற்கு மேல், பாதிப்பேர் அதற்குக் கீழ் வாங்கும் தொகை. நான்கைந்து பேர் கோடியில் வாங்கினாலே சராசரி தூக்கிக் காட்டும். வரி போக மாதம் கைக்கு வருவதில் 32,000 போனால் மிச்சம் எவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து போடுங்கள். சில நிறுவனங்களுக்கு அந்தக் கணக்கு இடிக்கும், அவற்றை அடித்துவிடுங்கள். கணக்கு எழுதுகிறவர் அவர், ‘நமக்கெல்லாம் எதுக்கு’ என்பதைவிட எண்களோடு வாதாடுவது அவருக்கும் எளிதாக இருக்கும்.

கடைசியாக, பலர் கோட்டை விடுகிற ஒரு காகிதம். உங்களிடம் இருப்பது மாநில அரசின் எம்.பி.சி. சாதிச் சான்று. ஐ.ஐ.எம். சேர்க்கையில் அது செல்லாது. உங்கள் சாதி ஒன்றிய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்று குறிப்பிடும் ஒன்றிய அரசுப் படிவத்திலான ஓ.பி.சி. சான்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். அந்தப் பிரிவுக்கு 27 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இந்தச் சான்று பழையதாக இருந்தால் ஏற்க மாட்டார்கள், எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியிருக்க வேண்டும் என்று அந்த ஆண்டின் கேட் அறிவிப்பில் இருக்கும். அறிவிப்பு ஜூலை கடைசியில் வரும், விண்ணப்பம் ஆகஸ்ட்டில் தொடங்கி செப்டம்பரில் முடியும். தாசில்தார் அலுவலகத்தில் எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது, எனவே மூன்றாம் ஆண்டு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். போகும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உங்கள் பெயரும் இன்ஷியலும் எப்படி இருக்கிறதோ அதேபோல ஆதாரிலும் இந்தச் சான்றிலும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.